கொழுந்து லொறி பற்றி மூன்று வினாக்கள்

என் கணவருக்குப் பதில் எழுதித்தான் பழக்கம். தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை என்றாலே அதுதான். கம்பெனி கேட்கும், தோட்டத்தை நிர்வகிக்கிற துரை கேட்பார், அரசாங்கக் கச்சேரியிலிருந்து கேட்பார்கள். இவர் குனிந்த தலை நிமிராமல் பதில் எழுதுவார். எனக்கோ கேள்வி எழுதுகிற உத்தியோகம். றக்வானவிலிருந்து ஏறுகிற பஸ் இனி முடியாது என்று நின்று திரும்புகிற இடத்துக்கும் மேலே, ஒரு சின்ன குவாட்டர்ஸில், கேள்வியும் பதிலுமாக நாங்கள் இரண்டு பேர் குடித்தனம் நடத்தினோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

நான் தோட்டத்தில் பிறந்தவள் அல்ல. இரத்தினபுரி பஜாரில் கடை வைத்திருந்த குடும்பம். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசிச் சிங்களம் தானாக வந்தது. தமிழ் வீட்டில் இருந்தது. டைப் அடிக்க மட்டும் வகுப்புக்குப் போனேன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மாகாண சபை உறுப்பினர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்து ஜனங்களின் வாக்கில் சபைக்குப் போனவர், எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர். எல்லோரும் அவரை மெம்பர் ஐயா என்பார்கள். கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து அவருடைய இரத்தினபுரி ஆபீசுக்குப் போய்வந்தேன்.

மெம்பர் ஐயா நல்ல மனிதர். யார் வீட்டுச் சாவானாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவரிடம் இருந்த ஒரே குறை மைக். அதைக் கண்டால் கேட்க வந்ததை மறந்துவிடுவார். ஒரு முறை உடைந்து கிடந்த தோட்டத்துப் பாதை ஒன்றைப் பற்றிச் சபையில் வாய்மூலக் கேள்வி கேட்டார். கேள்வி ஒரு வரி. அதற்கு அவர் சொன்ன முன்னுரை அரை மணி நேரம். பதில் சொல்ல எழுந்த அமைச்சர், கௌரவ உறுப்பினரின் பேச்சைப் போலவே அந்தப் பாதையும் நீளமானது, முடியக் கொஞ்சம் காலமாகும் என்றார். சபையே சிரித்தது. எங்கள் ஐயாவும் சேர்ந்து சிரித்தார். பாதை கிடந்த மாதிரியே கிடந்தது.

"ஐயா, இனிமே எழுத்துல கேப்போம்ங்க" என்று அன்றைக்கே சொன்னேன்.

"எழுதிக் கேட்டா யாருக்கும்மா கேக்கும்?"

"யாருக்கும் கேக்க வேணாங்க. அவங்களும் எழுதித்தான் பதில் தரணும். எழுத்துல குடுத்தத சிரிச்சு மழுப்ப ஏலாதுங்க."

டாக்டர் சொன்னதற்காகத் தேநீரில் சீனியை விடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

எழுத்துமூல வினாவுக்கு ஒரு நடை உண்டு. எவ்வளவு பெரிய அநியாயமானாலும் அதை அ, ஆ, இ என்று நறுக்கி வைக்க வேண்டும். (அ) இன்னது இப்படி இருக்கிறது என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) ஆமெனில், அதை எப்போது சீர்செய்வார் என்பதை இச்சபைக்கு அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்? அந்தக் கடைசி இரண்டு சொற்கள் எனக்கு உயிர். மரியாதை ஒரு துளி குறையாமல் அரசாங்கத்தின் சட்டையைப் பிடிக்கலாம். வாயில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் வாங்கி வந்தீர்களா, இன்றேல் ஏன் என்று கேட்பேன். என் கணவர் பதறாமல், "எழாது" என்பார். பதில் சொல்ல விருப்பமில்லாத பகுதிக்கு அரசாங்கம் எழுதுகிற சொல் அது. அப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை என்று பொருள். அவருக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான், யாரை நோவது?

தோட்டத்தில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் அங்கே ஒரே கலர் மருந்து கிடைக்கும். அதற்கு மேற்பட்ட நோய் என்றால் றக்வான ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். இறக்குவது கொழுந்து லொறி. அது மலை மலையாகச் சுற்றி, பெண்கள் பறித்து நிறுத்துக் கொடுத்த தேயிலைக் கொழுந்தைப் பக்டரிக்கு ஏற்றி வருகிற லொறி. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே சும்மா நிற்கும்போதுதான் நோயாளிக்குக் கிடைக்கும். ஆகவே எங்கள் தோட்டத்தில் வலி வருவதானாலும் கொழுந்து இறக்கி முடிந்த பிறகு வந்தால்தான் மரியாதை.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். "எம் மூத்தவன் நல்ல புள்ளைங்கம்மா, லொறி கொழுந்து எறக்குற வரைக்கும் பொறுத்துக்கிட்டான்" என்பாள் ஒருத்தி. நானும் சிரித்திருக்கிறேன். முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. ஏற்கனவே ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்திருந்தது. இந்த முறை வலி என்று தோன்றினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கீழே வந்துவிட வேண்டும் என்று றக்வான டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாய்வீட்டுக்குப் போய்ப் படுக்க எனக்கு அம்மா இல்லை. அண்ணன் குடும்பம் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தது. இந்தப் பிள்ளையையும் இழந்துவிடுவேனோ என்று நான் பயந்தே போனேன்.

பயத்தை அ, ஆ, இ என்று நறுக்கினேன். (அ) றக்வானப் பிரதேசத்தின் இன்ன தோட்டத்தில் நோயாளரும் கர்ப்பிணித் தாய்மாரும் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்லப்படுகின்றனர் என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) அங்கு அம்புலன்ஸ் வண்டி ஒன்று எப்போது வழங்கப்படும் என்பதை அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்? மெம்பர் ஐயா மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். மைக் இல்லாத கேள்வியில் அவருக்கு அவ்வளவுதான் அக்கறை.

ஒரு கேள்வி சபைக்குப் போன பிறகு என்ன ஆகும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. மேலே இருக்கிறவர்களுக்கு எங்கள் மலையில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே கீழே கேட்பார்கள். கீழே இருக்கிறவர் தனக்கும் கீழே கேட்பார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரப்பர் முத்திரை வாங்கிக்கொண்டு கேள்வி படி இறங்கும். அப்படி இறங்கி இறங்கி ஒரு சாயங்காலம் அது என் கணவரின் தோள்பைக்குள் இருந்து எங்கள் குவாட்டர்ஸுக்கே வந்து சேர்ந்தது.

"தொர கையில குடுத்து, பதில் தயார் பண்ணிக் கொண்டான்னுட்டாரு" என்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

சிங்களத்துக்கு மாறி, முத்திரைகளுக்கு நடுவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும், பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? என் கேள்விதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத புள்ள. நீ எழுதுனதுன்னு தொரைக்குத் தெரிஞ்சா எனக்கு இங்க வேல இருக்குமா?"

வாரத்தில் இரண்டு நாள் நான் எங்கே போய்வருகிறேன் என்று பஸ் கண்டக்டர் முதல் பூசாரி வரைக்கும் தெரியும். துரைக்கு மட்டும் தெரியாது என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையை நான் கலைக்கவில்லை. இவருக்குச் சிங்களம் பேச வரும், ஆபீஸ் சிங்களத்தில் எழுத வராது. ஆகவே கேள்வி கேட்டவளே பதிலும் எழுத உட்கார்ந்தேன்.

"அ-வுக்கு ஆம்னு போடுங்க. முடிஞ்சுச்சு" என்றேன்.

"ஆம்னு ஒத்த வார்த்தையில எழுதுனா தொர கையெழுத்து வைப்பாரா? ஏதாச்சும் பதவிசா சொல்லு."

வாதாடினோம், சோறு ஆறியது. கடைசியில் இரண்டு வாக்கியத்தில் சமாதானமானோம். 'நோயாளர் தோட்டத்துக்குச் சொந்தமான வாகனம் ஒன்றில் ஏற்றிச் செல்லப்படுகின்றனர். அது கொழுந்து ஏற்றும் லொறியாகும்.' முதல் வாக்கியம் அவருடையது, இரண்டாவது என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சரிபாதியாக நாங்கள் எதையும் பங்கிட்டதில்லை.

துரை அதைப் படித்துவிட்டு, கேட்டதற்கு மேல் எதற்கு விவரம் என்று இரண்டாவது வாக்கியத்தை வெட்டினாராம். அது என்னுடைய பாதி. அதற்கு மேலே யாரோ, வெறும் 'வாகனம்' என்றால் தெளிவில்லை என்று 'நோயாளர் ஏற்றும் வாகனம்' ஆக்கியிருக்க வேண்டும். அதற்கும் மேலே இன்னொருவர், இவ்வளவு நீளம் வேண்டாமே, இதற்கு ஒரு சொல் இருக்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவரும் பொய் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு சொல்லாக அழகுபடுத்தினார்கள். மெம்பர் ஐயாவின் ஆபீசில் நான் உறையைப் பிரித்தபோது பதில் இப்படி இருந்தது: (அ) இல்லை. (ஆ) குறிப்பிட்ட தோட்டத்தில் அம்புலன்ஸ் வண்டி ஒன்று ஏற்கனவே சேவையில் உள்ளது. (இ) எழாது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும். அன்றைக்கு நன்றாகவே வந்தது.

"ஏம்மா அழுவுற? அதான் இருக்குன்னு பதில் வந்துருச்சே" என்றார் ஐயா.

"எங்கங்கய்யா இருக்கு? கொழுந்து லொறியத்தான் அம்புலன்ஸ்ங்குறாங்க."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த வெளிச்சம். "அப்படியா சங்கதி? நான் சபையில எந்திரிச்சு நின்னு, பொய்யி, பொய்யின்னு ஒரு பிடி பிடிக்கிறேன் பாரு!"

பிடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அமைச்சர் எழுந்து ஒரு பகிடி விடுவார், சபை சிரிக்கும், இவரும் சிரிப்பார், நான் லொறியில் போவேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் மெஷினில் தாளைச் செருகினேன். இந்த முறை கேள்வியை மிகச் சின்னதாக அடித்தேன். (அ) மேற்படி அம்புலன்ஸ் வண்டியின் பதிவு இலக்கம் யாது? (ஆ) அதன் சாரதி யார்? (இ) அது இறுதியாக ஏற்றிச் சென்றது எவரை?

ஐயா உதட்டைப் பிதுக்கினார். "பொலிஸ்காரன் றோட்டுல மறிச்சுக் கேக்குற மாதிரி இருக்கு. இதுல பேசுறதுக்கு என்னம்மா இருக்கு?"

"பேச ஒன்னுமே இல்லைங்கய்யா. அதுக்குத்தாங்க."

நியாயம் கேட்டால் நியாயமாகவே ஒரு பதில் எழுதிவிடலாம். நம்பர் கேட்டால் நம்பர்தான் எழுத வேண்டும். அம்புலன்ஸ் வேண்டும் என்று நாங்கள் கேட்ட காலம் போய்விட்டது. இருக்கிறது என்று சபைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். இனி அதை இருக்கச் செய்கிற கவலையும் அவர்களுடையது.

முதல் கேள்வி நடந்து வந்தது என்றால் இரண்டாவது ஓடி வந்தது. துரை என் கணவரைக் கூப்பிட்டு, அந்த அம்புலன்ஸின் நம்பர் என்ன என்று கேட்டாராம். இவர் எந்த அம்புலன்ஸ் என்று கேட்டாராம். இருவரும் ஜன்னல் வழியாகக் கொழுந்து லொறியைப் பார்த்தார்களாம். அதன் நம்பரைச் சபைக்கு எழுதினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு டெலிபோன் ஓயவில்லை. கடைசியில் கம்பெனியின் வேறொரு தோட்டத்தில் தேயிலைச் சாம்பிள் பொட்டலங்கள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றைக் கழுவி, வெள்ளையடித்து, உள்ளே ஒரு படுக்கையும் போட்டு அனுப்பி வைத்தார்கள்.

சிவப்புச் சிலுவையை எங்கள் தோட்டத்திலேயே வரைந்தார்கள். வரைந்தவர் கோயில் தேருக்கு வர்ணம் பூசுகிறவர். கை சும்மா இருக்காமல் சிலுவையைச் சுற்றி ஒரு தாமரையும் போட்டுவிட்டார். துரை பார்த்துவிட்டு, சிலுவை மட்டும் போதும் என்று அழிக்கச் சொன்னார். அழித்த பிறகும் இரண்டு இதழ் தெரிந்துகொண்டிருந்தது. கேள்விக்குப் பயந்து பிறந்த அந்த வண்டியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வயிற்றில் கையை வைத்து, உனக்கு வண்டி வந்துவிட்டது என்று சத்தமாகவே சொன்னேன்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. புது வண்டி முதலில் போக வேண்டியது கதிர்காமம். கந்தனிடம் காட்டாமல் எந்தச் சக்கரமும் உருளக்கூடாது. அது சைக்கிளானாலும் லொறியானாலும் அப்படித்தான். அம்புலன்ஸுக்கு மட்டும் விலக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் போய்த் துரையிடம் கேட்டார். துரை பௌத்தர். கதிர்காமம் என்றால் அவரும் கை கூப்புகிறவர். இதைக் கேட்கவும் வேண்டுமா என்று அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு விடியற்காலை வேன் புறப்பட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, உள்ளே எத்தனை பேர் ஏற முடியுமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஏறிக்கொண்டார்கள். வயதான பெண்கள் படுக்கையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி இறங்கி வந்து என் நட்சத்திரத்தைக் கேட்டாள்.

"ஒங்க பேருலதாங்கம்மா அர்ச்சன. இந்த வண்டி வந்தா கொண்டாந்து காட்டுறோம், எங்க கிளாக்கரம்மா நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டோம்" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அரோகரா சொல்லிக்கொண்டு வளைவில் மறைகிற வரைக்கும் கையசைத்தேன்.

மத்தியானம் வலி கண்டது.

கொழுந்து மலிந்த மாதம். ஞாயிறும் வேலை நடந்தது. பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்த பக்டரி டீமேக்கரின் மனைவி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஓடி என் கணவரிடம் சொன்னாள். பாதி நிறைந்திருந்த லொறியோடு அவர் வந்தார். லொறி டிரைவர் நல்லவர்தான், தொழில் தெரிந்தவர். இறங்கி நின்று, "கொழுந்த பக்டரியில எறக்கிட்டுப் போயிருவோமாங்கய்யா? வெயில்ல சூடேறிக் கெட்டுப்போயிருமே" என்று கேட்டார்.

"கெடட்டும்! தோட்டமே கெட்டாலும் கெடட்டும்! வண்டிய எடு!"

யார் கத்துகிறார்கள் என்று அந்த வலியிலும் நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர்தான். டிரைவர் ஓடிப்போய் ஏறி லொறியைக் கிளப்பினார்.

கொழுந்துச் சாக்குகளின் மேல் படுத்தேன். மெத்தென்றுதான் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் டீமேக்கர் மனைவி ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாதையில் எனக்கு எந்தப் பகிடியும் தோன்றவில்லை. பிள்ளை அசைகிறதா என்று மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் அசைவு நின்றுபோன மாதிரி இருந்தது. போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த வளைவில் பஸ் திரும்பும்போது என் கை தானாக வயிற்றைத் தொடும்.

ஆஸ்பத்திரியில் சிங்கள நர்ஸ் ஒருத்தி என் கூந்தலிலிருந்து கொழுந்தை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டு, "மே மொனவத, தே தளுத?" என்று கேட்டாள். இதென்ன, தேயிலைக் கொழுந்தா என்கிறாள். பதில் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை. பெண் பிள்ளை. சின்னதாக இருந்தாள், உடனே அழவில்லை. அழுகிற வரைக்கும் நான் உயிரோடு இல்லை. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். அவர் அதை எனக்குச் சொன்னது பல மாதம் கழித்து.

அம்புலன்ஸ் எங்கே போனது? கதிர்காமத்தில் அர்ச்சனை நல்லபடியாக முடிந்திருக்கிறது. திரும்பும் வழியில், எம்பிலிப்பிட்டியவுக்கு இந்தப் பக்கம், சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். யுத்த காலம். பின்கதவைத் திறந்து பார்த்தால் நெற்றி நிறைய விபூதியோடு இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "கோ லெடா?" என்று கேட்டான் ஒரு ஆமிக்காரன். நோயாளி எங்கே என்கிறான். என் நட்சத்திரம் கேட்ட அதே பெண்தான் சட்டென்று படுக்கையில் சாய்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினாள். அந்த ஆமிக்காரன் இரக்கமுள்ள பையன். அவளைச் சும்மா விடவில்லை. மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழி விலக்கி, எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் விட்டான். நான் சாக்கின் மேல் உருண்டுகொண்டிருந்த நேரத்தில் எங்கள் அம்புலன்ஸ் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது, ஆள்தான் மாறிப்போனது.

மறுநாள் அவர்கள் எல்லோரும் விபூதியும் பிரசாதமுமாக என் கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். நானும் அழுதேன். முழங்கால்காரி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க குடுத்த மாத்திர நல்ல மாத்திரங்கம்மா, வலி நெசமாவே போயிருச்சு" என்றாள். துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னதும் என்னையும் பிள்ளையையும் அந்த வேனில்தான் தோட்டத்துக்கு ஏற்றி வந்தார்கள்.

பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழிந்த பிறகு மெம்பர் ஐயா பார்க்க வந்தார். ஒரு கையில் பிள்ளைக்குச் சட்டை, மறு கையில் இரண்டாவது கேள்விக்கான பதில்.

"பாத்தியாம்மா, மைக்கே இல்லாம வண்டிய எறக்கிப்புட்டோம்!" என்றார். 'டோம்' என்றதில் எனக்கும் பங்கு வைத்ததற்கு நன்றி சொன்னேன்.

பதிலில் நம்பர் இருந்தது. சாரதியின் பெயர் இருந்தது. (இ) இறுதியாக ஏற்றிச் சென்றது: பிரசவித்த தாய் ஒருவரையும் அவரது பெண் சிசுவையும். ஒரு எழுத்தும் பொய்யில்லை. அந்தத் தாய் நான்தான், சிசு என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை மேலே ஒருவரும் ஒரு சொல்லையும் மாற்றியிருக்கவில்லை. மாற்றத் தேவையே இருக்கவில்லை. வாசிக்கிற எவரும், ஆஹா, பிரசவத்துக்கு வண்டி கிடைத்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். கீழே போனதா, மேலே வந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஐயா போன பிறகு என் கணவரைப் பார்த்தேன். பதில் எழுதியவர் அவர்தான். நான் படுத்திருந்த நாட்களில் யாரோ ஒரு சிநேகிதரைப் பிடித்துச் சிங்களத்தில் எழுதியிருக்கிறார்.

"நீ கேட்டதுக்கு மட்டுந்தானே பதில் எழுதலாம்" என்றார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

வாசலில் நின்றால் பக்டரி தெரியும். பக்டரிக்கு முன்னால் வேன் தார்ப்பாயால் மூடி நின்றது. கொழுந்து லொறி அதைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரர் ஒருவர் அதன் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேனின் சாவி துரையின் பங்களாவில். பங்களாவுக்கு ஏறி, துரை இருக்கிறாரா என்று கேட்டு, காத்திருந்து வாங்குவதற்குள் லொறி கிடைத்துவிடும். கீழ் லயத்தில் ஒருத்திக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள்தான் தினமும் வந்து என் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்தவள்.

லொறியைப் பார்த்து நின்ற என் கணவர் உள்ளே வந்து, வீட்டில் நான் வைத்திருந்த டைப் மெஷினின் மூடியைக் கழற்றி, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். பிள்ளை தூங்குகிறாள், நான் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அ, ஆ, இ எதுவுமில்லாமல் ஒரே வரி அடித்திருந்தார். அந்த வண்டியின் சாவி எங்கே வைக்கப்பட்டுள்ளது? அதற்கு மெம்பர் ஐயா கையெழுத்து வைத்தார்.

வழக்கம்போல அது படி இறங்கித் துரையின் மேசைக்கு வந்தது. அவர் என் கணவரைக் கூப்பிட்டார். காகிதத்தை வாசித்தார், இவரைப் பார்த்தார், மறுபடி வாசித்தார். உங்கள் வீட்டிலிருந்து போகிற கேள்வியெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டு என்னிடம்தான் வருகிறது, நேரே என்னிடம் கேட்டிருக்கலாமே என்று சிங்களத்தில் சொன்னார். கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று இவருக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நேரே கேட்டிருந்தால், சேர், நீங்கள் எழுத்தில் பதில் தர வேண்டி வந்திருக்காது என்று இவர் சொன்னாராம். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று நான் கேட்டதற்கு, லொறியில் வந்தது என்றார்.

பங்களாவில் இருக்கிறது என்று சபைக்கு எழுத எந்தத் துரைக்குத்தான் மனம் வரும்? அவர் ஆள் அனுப்பிச் சாவியை எடுத்துவரச் செய்து இவர் கையில் கொடுத்தார். இவர் நேரே டிஸ்பென்சரிக்குப் போய், எந்த நேரமும் பூட்டாத முன்வாசல் சுவரில், கீழ் லயத்துப் பெண்ணின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியடித்து அதை மாட்டினார். அதற்குப் பிறகுதான் ஆபீசுக்குத் திரும்பி வந்து பதில் எழுத உட்கார்ந்தார்.